ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இடம்: காரைக்குடி ஸ்டுடியோவிலிருந்து இன்ஸ்டாகிராம் பற்றி ஒரு மதிப்புரை

இன்ஸ்டாகிராமுக்கு ஐந்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால், கடை விளம்பரத்துக்கு மூன்று நட்சத்திரம், புகைப்படத்துக்கு ஒன்றே ஒன்று. இதைக் கோபத்தில் போடவில்லை. அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவைக் காரைக்குடியில் இப்போது நான் நடத்துகிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுக்கிறோம். அட்வான்ஸ் கொடுக்க வருபவர்கள் ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன்பே "உங்க இன்ஸ்டா ஐடி என்னக்கா?" என்று கேட்கிறார்கள். அதனால் கடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தினமும் திறக்கிறேன், படம் போடுகிறேன். நண்பர்களோடு பேச, செய்தி அனுப்ப அது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. படம் எடுத்துப் பிழைக்கும் ஒருத்தி அந்தச் செயலியை எப்படிப் பார்க்கிறாள் என்பது மட்டும்தான் இங்கே.

வந்த புதிதில் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. 2010 அக்டோபரில் கெவின் சிஸ்ட்ரோம், மைக் க்ரீகர் என்ற இருவர் அமெரிக்காவில் அதை வெளியிட்டபோது ஐபோனில் மட்டும்தான் இருந்தது. ஆண்ட்ராய்டுக்கு 2012 ஏப்ரலில் வந்தது. எங்கள் பக்கம் பலர் பார்த்தது அதற்கு அப்புறம்தான். அப்போது படத்தைச் சதுரமாக மட்டுமே போட முடியும். எங்கள் கடைக்குச் சதுரம் புதிதல்ல. அப்பாவின் யாஷிகா மேட் கேமராவில் 120 ஃபிலிம் போட்டால் 12 சதுரப் படங்கள். வசதியுள்ள வீடுகளில் இருந்த ஆக்ஃபா கிளிக் த்ரீயும் அதே 12 சதுரம்தான். சதுரத்தில் நிற்கிற ஆளுக்கும் பக்கத்தில் உள்ள திண்ணைக்கும் இடம் இருக்கும். எதை நடுவில் வைப்பது, எதை ஓரத்தில் விடுவது என்று எடுப்பவர் யோசித்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் அதைத் திறந்தால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் ஊர் பஸ் ஸ்டாண்டையும், மழை பெய்து நின்ற தெருவையும், தன் அம்மா அரிசி புடைப்பதையும் போட்டிருப்பார். அவர் எதையெல்லாம் கவனித்தார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான்.

இப்போது திறந்தால், ஒருவர் எப்படித் தெரிகிறார் என்பது மட்டுமே தெரிகிறது. அவர் எதைப் பார்த்தார் என்று தெரிவதில்லை.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. 2012இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலர் கொடுத்து அதை வாங்குவதாக அறிவித்தது. 2016இல் நாம் தொடர்பவர்களின் படங்களை நேர வரிசைப்படி காட்டுவதை விட்டுவிட்டு, எது நம்மை அதிக நேரம் பிடித்து வைக்குமோ அதை முதலில் காட்டும் முறைக்கு மாறினார்கள். அதே வருஷம் 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரி வந்தது. 2020 ஜூன் 29ஆம் தேதி இந்தியாவில் குட்டி வீடியோ செயலியான டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலை 8ஆம் தேதி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் என்ற குட்டி வீடியோ வசதி இங்கே வந்துவிட்டது. இடையில் பத்து நாள்கூட இல்லை. அடுத்த வருஷம் அதன் தலைவர் ஆடம் மொசேரி, இன்ஸ்டாகிராம் இனிமேல் சதுரப் படங்களைப் பகிரும் செயலி அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். 2025 ஜனவரியில் நம் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருந்த சதுரங்களையும் நெட்டுக்குத்தான படச்சட்டங்களாக மாற்றிவிட்டார்கள்.

இந்தப் படச்சட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமூக ஊடகத்தைத் திட்டி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜனங்களின் குணத்தைத் திட்டுகிறார்கள். படச்சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

ரீல்ஸ் சட்டம் 9-க்கு 16. அகலம் 9 என்றால் உயரம் 16. அதில் ஒரு ஆள் தலை முதல் கால் வரை அழகாக நிற்கலாம். புருஷன் பெண்டாட்டி ஒட்டி நின்றால் சரி. நாலு பேர் என்றாலே நெருக்கடி. எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டில் வளவு என்ற நடு முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகள், மாமன் மச்சான், பேரன் பேத்தி என்று நாற்பது பேர் மூன்று வரிசையில் நிற்பார்கள். முன் வரிசையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்கும், அப்பத்தா நடுநாற்காலியில். அந்தப் படத்தை ரீல்ஸ் சட்டத்தில் போட்டால் மேலேயும் கீழேயும் காலி இடம் விழுந்து, நடுவில் முகம் தெரியாத ஒரு கோடுதான் மிஞ்சும். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. யாரும் நின்று பார்க்காததைச் செயலி மேலே கொண்டு வருவதில்லை. மேலே வராததை அடுத்த கல்யாணக்காரர்கள் எடுக்கச் சொல்வதில்லை. குரூப் போட்டோ எங்கள் தொழிலில் இப்படித்தான் தேய்ந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தன்னைத் தவிர வேறு நினைப்பில்லை என்று பெரியவர்கள் சலித்துக்கொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கையில் கொடுத்த சட்டத்தில் ஒரு ஆளுக்குத்தான் இடம், கிடைக்கும் கைதட்டும் அந்த ஒரு ஆளுக்குத்தான். அப்படியிருக்க, பிள்ளைகள் வேறு எப்படி வளரும்?

வெளியூர்க்காரர்கள் செட்டிநாட்டுக்கு வந்து அவுட்டோர் ஷூட் எடுப்பது இப்போது பெரிய வியாபாரம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் எங்கும் வண்டி நிற்கிறது. வரட்டும், ஊருக்கு வருமானம்தான், எனக்கும் அதில் பங்கு இருக்கிறது. ஆனால் ஒரு நாள் ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் போடும் பட்டறையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் போடுவார்கள். தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர்ச் சிமெண்டுக் கலவையை ஒவ்வொரு இதழுக்கும் அளவாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி கழன்று வரும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கை ஓட்டத்தில் ஒரு சொட்டுக்கூடப் பக்கத்து இதழுக்குள் போகாமல் ஊற்றுகிற ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அன்றைக்கு ஒரு ஜோடியோடு வந்த குழுவினர் அவரிடம் சொன்னது: "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, ஃப்ரேம்ல வர்றீங்க." அவர் எழுந்து போனார். ஊற்றிக்கொண்டிருந்த கலவை பாதியில் இறுகிப்போனது. அந்தப் பெண் காய வைத்திருந்த கற்களின் முன்னால் சுற்றிச் சுற்றி நின்றாள், படம் எடுத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். கல்லைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பட்டறையில் படம் எடுக்கத் தகுந்த ஒரே விஷயம் அந்தப் பெரியவரின் கை. அதை ஒதுக்கிவிட்டு எடுத்தார்கள்.

கல்யாண மண்டபத்திலும் இதேதான். கெட்டிமேளம் முழங்கும் நேரம், நாத்தனார் முடிச்சுப் போடக் குனிகிறாள். ரீல்ஸுக்கென்று தனியாக வந்திருக்கும் தம்பி "அக்கா, கையை மட்டும் நீட்டுங்க, தலையைக் காட்டாதீங்க" என்கிறான். அவள் கூடப்பிறந்தவள்! அந்த முடிச்சுக்காகப் பட்டுப்புடவை எடுத்துக் காத்திருந்தவள். கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளையிடம் "அண்ணே, இன்னொரு தடவை கட்டுற மாதிரி கை வைங்க" என்று கேட்கிறார்கள். நாதஸ்வரக்காரர் ஓய்ந்துவிட்டார், அட்சதை விழுந்துவிட்டது, பெரியவர்கள் பந்திக்கு எழுந்துவிட்டார்கள். யாரும் இல்லாத அந்த இரண்டாவது தாலி கட்டுதான் ஊருக்குப் போகிறது. நடந்த கல்யாணம் வேறு, காட்டிய கல்யாணம் வேறு என்று ஆகிவிட்டது. மணமக்கள் பத்து வருஷம் கழித்து எதை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

சடங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பெண் பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிறார்கள். தாய்மாமன் சீர், புடவை, மாலை, சொந்தபந்தம் எல்லாம் சரி. அது வீட்டு விசேஷம். அந்தப் பிள்ளையைச் சினிமாப் பாட்டுக்கு நடக்க விட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும் கணக்கில் ரீல்ஸ் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கவே 13 வயசு ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. கணக்கு வைத்துக்கொள்ள வயசு பத்தாத பிள்ளையை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கப் போடுவது எப்படிச் சரியாகும்? எங்கள் கடையில் சடங்குக்கு ஆல்பமும் பென் டிரைவும் மட்டும்தான். இதனால் கை நழுவிய ஆர்டர்கள் உண்டு. போகட்டும்.

வளர்ந்த பெண் பிள்ளைகளின் பாடு இன்னொரு மாதிரி. கல்லூரி விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருவார்கள். திரையில் படத்தைக் காட்டினால் "இது நான் மாதிரியே இல்லையேக்கா" என்பார்கள். தாவாயைச் சுருக்கி, மூக்கைக் கூர்மையாக்கி, நிறத்தை ஏற்றி, ஃபில்டரில் தினமும் பார்த்துப் பழகிய முகம்தான் அவர்கள் மனசில் இருக்கிறது. நேரே எடுத்த சொந்த முகம் அவர்களுக்கே அந்நியமாகத் தெரிகிறது. இதைக் கேட்டதும் சிலர் என்னிடம், "ஏன், உங்க அப்பா காலத்துல டச்சிங் பண்ணலையா?" என்பார்கள். பண்ணினார். நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துக் கூர் சீவிய பென்சிலால் பருவையும் கண்ணுக்குக் கீழ்க் கருவளையத்தையும் மெல்லத் தணிப்பார். மச்சத்தைத் தொடவே மாட்டார். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் அங்க அடையாளம் என்று மச்சத்தைத்தான் எழுதியிருப்பார்கள்; அதை எடுத்துவிட்டால் ஆளே மாறிவிடும் என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, சுவரில் மாட்ட ஒரு படம். பக்கத்திலேயே ரசம் பூசிய கண்ணாடி இருந்தது, அதில் நிஜ முகமும் தெரிந்தது. ஒரு நாளைக்குப் பலமுறை, தன் கையாலேயே, யாரோ வகுத்த ஒரே மாதிரி முகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்வதோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

இது என் கடை அனுபவம் மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை, ஃபேஸ்புக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த உள்காகிதங்களை வைத்துத் தொடர் செய்தி போட்டது. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைக்கும் பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு அந்த எண்ணத்தை இன்ஸ்டாகிராம் இன்னும் மோசமாக்குகிறது என்று நிறுவனத்தின் சொந்த ஆய்வே சொல்லியிருந்தது. ஆய்வைத் தப்பாகப் படித்துவிட்டார்கள், பல பிள்ளைகள் நன்மை என்றும் சொன்னார்கள் என்று நிறுவனம் பதில் சொன்னது. ஆனாலும் சிறுவர்களுக்கென்று தனியாகக் கொண்டுவர இருந்த செயலியை அந்த மாதமே நிறுத்தி வைத்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் இதில் கணக்கு வைத்துக்கொள்ளவே முடியாது. இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை, பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்கு வரும் இன்னொரு வகை வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், மாலை போட ஒரு படம் வேண்டும் என்று யாராவது அவசரமாக ஓடி வருவார்கள். முன்பெல்லாம் பழைய ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அறுபதாம் கல்யாணப் படமோ, மகள் கல்யாண வரவேற்புப் படமோ, நல்ல முகமாக ஒன்று கிடைத்துவிடும். இப்போது பேரன் போனை நீட்டுகிறான். ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. நானும் அவனும் சேர்ந்து தள்ளிக்கொண்டே போவோம். எல்லாவற்றிலும் அவன்தான். தாத்தா ஒன்றில் அவன் தோளுக்குப் பின்னால் பாதி முகம், ஒன்றில் ஃபோகஸ் இல்லாமல் ஈஸி சேரில். அழுதுகொண்டே தேடுகிற அந்தப் பையனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாத்தா மேல் பாசம் இல்லாதவன் அல்ல அவன். எடுத்த ஒவ்வொரு படத்தையும் யார் பார்ப்பார்கள் என்று நினைத்து எடுத்தான், பார்ப்பவர்களுக்குத் தாத்தா யாரோ. கடைசியில் ரேஷன் கார்டுக்காக எப்போதோ எங்கள் கடையில் எடுத்த ஒரு சின்னப் படம் கணினியில் கிடைத்தது, அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

தொழில்முறையில் பார்த்தாலும் இது படத்தைச் சேமிக்கும் இடமல்ல. இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6,000 பிக்சல் (படத்தின் நுண்புள்ளி) அகலம். பதிவேற்றினால் அதைச் சுருக்கி 1,080 பிக்சல் அகலத்துக்குக் கொண்டு வந்துவிடும். நாங்கள் அடிக்கும் 12-க்கு 36 அங்குல ஆல்பத் தாளுக்கு, தரமான அச்சுக்கு, 10,800 பிக்சல் வேண்டும். அந்த 1,080-ஐ அதே தரத்தில் அச்சடித்தால் மூன்றரை அங்குலம்தான் கிடைக்கும். எந்தத் தேதியில், எந்தக் கேமராவில் எடுத்தது என்று படத்தோடு ஒட்டியிருக்கும் விவரங்களும் அங்கே கழன்றுவிடும். "எல்லாம் இன்ஸ்டால இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு ஒரிஜினலை அழிப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

இப்போது மூன்று நட்சத்திரத்துக்கான காரணம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சேலையை நெசவாளர் வீட்டிலிருந்தே படம் எடுத்துப் போட்டு, பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். கடை வாடகை இல்லை, இடைத்தரகர் இல்லை. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் போட்டு டப்பாவில் அடைத்து விற்கிற அக்காக்களுக்கும் இது பெரிய உதவி. எங்கள் கடைக்கே திருச்சி, மதுரையிலிருந்து ஆர்டர் வருகிறது. விற்பனைக்கு ஒரு தெரு என்று எடுத்துக்கொண்டால் நல்ல தெரு. மூன்றுக்கு மேல் போகாததற்குக் காரணம், சேலையை மட்டும் காட்டினால் ஓடுவதில்லை, விற்பவளும் கட்டிக்கொண்டு ஆடினால்தான் ஓடுகிறது. கணக்கு தெரிந்த, நூல் தெரிந்த, ஆனால் கேமரா முன்னால் நிற்கக் கூச்சப்படுகிற ஒருத்திக்கு அங்கே வாய்ப்பு குறைவு. தாய் நிறுவனமான மெட்டாவின் (முன்பு ஃபேஸ்புக் என்று பெயர்) வருமானத்தில் 95 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் எவ்வளவு நேரம் கண் எடுக்காமல் பார்க்கிறோமோ அவ்வளவு அவர்களுக்கு வரும்படி. நல்ல சேலை எது என்று காட்டுவது அவர்கள் வேலை அல்ல.

வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. அமைப்புகளில் போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நாம் தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் நேர வரிசையில் பார்க்கும் வசதியும் 2022இல் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் தேடிப் போய்த் தட்ட வேண்டியிருக்கிறது என்றாலும் தட்டிப் பாருங்கள், அத்தை மகள் போட்ட படம் கண்ணில் படும்.

நான் கடையில் செய்வதையும் சொல்கிறேன். கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே, முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும் முன் குரூப் போட்டோவுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். ரீல்ஸ் எடுப்பவர்கள் அதற்கு அப்புறம்தான் மணமக்களைக் கூப்பிடலாம். முதலில் முகம் சுளித்த வீடுகள்கூட ஆல்பம் வந்ததும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

நீங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஸ்டுடியோ பேசப் போகிறீர்கள் என்றால், இன்ஸ்டா பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைக்கு நேரே போய், யாருடையதாவது முழு ஆல்பம் ஒன்றைக் கேட்டு வாங்கி, முதல் தாளிலிருந்து புரட்டுங்கள். மணமக்கள் இல்லாத பக்கங்கள் எத்தனை என்று பாருங்கள். சமையல்கட்டு, நாதஸ்வரக்காரர், தூங்கிப்போன குழந்தை, மொய் எழுதுகிற சித்தப்பா, சீர்வரிசைத் தட்டோடு வாசலில் நிற்கிற அத்தைமார்கள் இவர்களெல்லாம் அதில் இருந்தால் அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.